விமானிகள் இல்லாத மூலை: கெடாவில் ஒரு தோட்டத்து இடுகாடு

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணிக்கு வடக்கே இருக்கும் ஒரு தோட்டத்து ஊரைப் பற்றியது இந்த ஆய்வு. நில விவகாரம் இன்னும் முடியவில்லை, அதனால் ஊரின் பெயரையும் பேசியவர்களின் பெயர்களையும் எழுதவில்லை. பழைய ரப்பர் தோட்டம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. இப்போது செம்பனையிலும் ஒரு பகுதி விற்பனையாகி, தாமான் (குடியிருப்பு) வீடுகளுக்கு வரைபடம் போட்டிருக்கிறார்கள். அந்த வரைபடத்தின் ஓரத்தில், பழைய ஸ்டோருக்குப் பின்னால், ஓடைவரை இறங்கும் சரிவில் எங்கள் இடுகாடு இருக்கிறது. முன்பக்கம் கிறிஸ்தவர்கள், பின்பக்கம் இந்துக்கள். நடுவில் வேலி கிடையாது.

இடுகாட்டைக் காப்பாற்ற மனு எழுதும்போது அதன் முதல் பத்தியிலேயே ஒரு வாசகம் ஏறிவிட்டது: "இரண்டாம் உலகப் போரில் உயிர் நீத்த இரண்டு பிரிட்டிஷ் விமானப்படை வீரர்களின் கல்லறைகள் இங்கே உள்ளன." ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான் அது. சின்ன வயதில் நானும் கேட்டிருக்கிறேன். வடகிழக்கு மூலையில், மகாகனி மரத்தடியில், செங்கல் வரம்பு கட்டிய இரண்டு இடங்கள் இருக்கும். அதற்குப் பெயரே "பைலட் கல்லறை". வெள்ளைக்காரப் போர்வீரன் புதைந்திருக்கும் நிலத்தை எந்த மேம்பாட்டு நிறுவனமும் தொடாது, தொட்டால் தூதரகமே வந்து நிற்கும் என்பது ஊராரின் நம்பிக்கை. மனுவின் பலமே அந்த ஒரு வரியில்தான் இருந்தது.

நான் பள்ளியில் சரித்திரம் கற்பித்து ஓய்வு பெற்றவன். மனு போவதற்கு முன் அந்த வரி உண்மையா என்று பார்த்துச் சொல்லும்படி கோயில் நிர்வாகத்தினரும் தேவாலயத்தைச் சேர்ந்தவர்களும் கேட்டார்கள். கேள்வி மூன்றாகப் பிரிந்தது. அங்கே விமானிகள் புதைக்கப்பட்டது உண்மையா? எப்போது? இன்னும் இருக்கிறார்களா?

நினைவில் இருந்தவை

முதலில் ஆட்களைக் கேட்டேன். ஏடுகள் காத்திருக்கும், வயதானவர்களால் காத்திருக்க முடியாது.

சொன்னவர்கள் இரண்டு கட்சியாக இருந்தார்கள். ஜப்பான்காரன் வந்தபோது, அதாவது 1941 கடைசியில், விழுந்த விமானம் என்றார்கள் ஒரு சாரார். இன்னொரு சாரார், ஜப்பான்காரன் போகிற காலத்தில், 1945இல், காட்டுக்குள் இருந்தவர்களுக்குச் சாமான் போட வந்த விமானம் என்றார்கள். இரண்டாவது கதையைச் சொன்னவர் ஒரு பெரிய கங்காணியின் பேரன். தாத்தா பாராசூட் துணியில் சட்டை தைத்துப் போட்டிருந்தாராம். பாராசூட் துணி உண்மையாகவே இருந்திருக்கலாம். 1945இல் இலங்கையின் மின்னேரியாவிலிருந்து பறந்த லிபரேட்டர் விமானங்கள் மலாயாவில் 136ஆம் படைக்கு, அதாவது ஜப்பானியருக்குப் பின்னால் காட்டில் இயங்கிய பிரிட்டிஷ் ரகசியப் படைக்கு, ஆட்களையும் ஆயுதங்களையும் இறக்கின. ஆனால் ஒரு துணி, ஒரு கல்லறைக்குச் சாட்சி ஆகாது.

தொண்ணூறைத் தாண்டிய ஒரு பாட்டியின் பேச்சுதான் வழி காட்டியது. ஜப்பான்காரன் வந்தபோது அவருக்கு எட்டு ஒன்பது வயது. விமானத்தைப் பற்றி நேராகக் கேட்காமல், அன்றைக்கு லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், என்ன நடந்தது என்று கேட்டேன். காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர்கள் பாதியில் ஓடி வந்தார்களாம். அவருடைய அம்மா பால்வாளியை அப்படியே போட்டுவிட்டு வந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கால்வாயில் படுத்தாராம். அப்புறம் கேட்டேன், "பாட்டி, விழுந்த ஏரோப்பிளேனை நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன் வாத்தியாரே. இந்தப் பக்கம் ஒரு காத்தாடி, அந்தப் பக்கம் ஒரு காத்தாடி. ஒண்ணு வளைஞ்சு மண்ணுக்குள்ள போயிருச்சு. மூக்கு முழுக்கக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியப் பொறுக்கப் போயி எங்க அண்ணனுக்கு அடி விழுந்துச்சு."

எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டதற்கு, மூன்று பேர் என்றார். இரண்டு பேர் அங்கேயே போய்விட்டார்கள். ஒருவருக்கு உயிர் இருந்தது, தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரசர் ஐயா அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது அந்த வெள்ளைக்காரர் இல்லை. குழி வெட்டியது பாட்டியின் சித்தப்பாவும் இன்னும் சிலரும். சின்னத் துரை தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு புத்தகத்தில் ஏதோ படித்தார். மறுநாளோ அதற்கு மறுநாளோ துரைமார்கள் பங்களாவைப் பூட்டாமலே கிளம்பிவிட்டார்கள்.

டிரசரின் மகன் இப்போது பினாங்கில் இருக்கிறார். பாட்டி சொன்னது எதையும் நான் அவரிடம் சொல்லவில்லை. அப்பா சொல்லக் கேட்டது என்று அவர் தானாகச் சொன்னதிலும் மூன்று பேர், லாரி, வழியில் பட்டாளக்காரர்களின் ஆம்புலன்சில் மாற்றி ஏற்றியது ஆகிய மூன்றும் இருந்தன. ஒருவரை ஒருவர் பார்த்துப் பல ஆண்டுகளான இரண்டு பேர் ஒரே கதையைச் சொன்னால் அதில் உண்மை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

1941 டிசம்பர்

இரண்டு காத்தாடி, கண்ணாடி மூக்கு, மூன்று ஆள். இந்த மூன்றையும் அன்றைக்கு கெடா வானத்தில் இருந்த விமானங்களோடு வைத்துப் பார்த்தேன்.

1941 டிசம்பர் 8ஆம் தேதி காலையில் சுங்கைப்பட்டாணி விமானத்தளத்தில் குண்டு விழுந்தது. அங்கே இரண்டு படையணிகள் இருந்தன. ஒன்று ஆஸ்திரேலிய விமானப்படையின் 21ஆவது அணி. அதனிடம் இருந்தது பஃபலோ என்ற அமெரிக்கத் தயாரிப்பு. பீப்பாய் மாதிரி உடம்பு, ஒரே எஞ்சின், ஒரே ஆள். இன்னொன்று பிரிட்டிஷ் விமானப்படையின் 27ஆவது அணி, பிளென்ஹைம் விமானங்களை வைத்திருந்தது. பிளென்ஹைமுக்கு இரண்டு எஞ்சின், மூக்கு கண்ணாடி, வழக்கமாக மூன்று பேர்: ஓட்டுபவர், வழி பார்த்துக் குண்டு போடுபவர், முதுகுக் கூண்டில் துப்பாக்கியோடு இருப்பவர். அலோர் ஸ்டார், பட்டர்வொர்த் தளங்களிலிருந்தும் பிளென்ஹைம்கள் அந்த நாட்களில் பறந்தன. 1945இல் வந்த லிபரேட்டரோ நான்கு எஞ்சின், இரட்டை வால், எட்டுப் பேர் போல ஏறும் பெரிய விமானம். பாட்டி பார்த்தது லிபரேட்டராக இருக்க வழியில்லை, பஃபலோவாகவும் இருக்க முடியாது. பிளென்ஹைம்தான்.

நாளையும் அவருடைய பேச்சை வைத்தே சுருக்கலாம். துரைமார்கள் கிளம்பியது அதற்கு ஓரிரு நாளில். வடக்கே ஜித்ராவில் பிரிட்டிஷ் தரப்பின் 11ஆவது இந்திய டிவிஷன் உடைந்தது டிசம்பர் 11 முதல் 13க்குள். குரூணில் 14, 15 தேதிகளில் சண்டை. 16ஆம் தேதி படைகள் மூடா ஆற்றுக்குத் தெற்கே இறங்கிவிட்டன. எங்கள் ஊர் அந்த வழியில்தான் இருக்கிறது. ஆகவே 8ஆம் தேதிக்கும் 15ஆம் தேதிக்கும் இடையில் ஒரு நாள். பட்டாளமே ஓடிக்கொண்டிருந்த வாரம் அது. இறந்த விமானிகளின் பெயரைக் கேட்டு எழுதி வைக்க யாருக்கும் அவகாசம் இல்லை. புதைத்தது தோட்டத் தொழிலாளர்கள். அவர்களுக்குத் தெரிந்தது இரண்டு பேர், சட்டையின் நிறம், ஒருவர் கையில் மோதிரம், அவ்வளவுதான்.

அந்த வாரத்தின் குழப்பத்துக்கு ஊரறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. டிசம்பர் 9ஆம் தேதி பட்டர்வொர்த்திலிருந்து 62ஆவது அணியின் பிளென்ஹைம்கள் தாய்லாந்தில் இருக்கும் சிங்கோராவைத் தாக்கக் கிளம்பின. முதலில் மேலேறியவர் ஸ்குவாட்ரன் லீடர் ஆர்தர் ஸ்கார்ஃப். அவர் ஏறிய கையோடு ஜப்பானியர்கள் தளத்தில் குண்டு போட, மற்ற விமானங்கள் தரையிலேயே முடங்கிவிட்டன. அவர் தாக்குதலைக் கைவிட்டுத் திரும்பவில்லை. ஒற்றை விமானத்தோடு போய்க் குண்டு வீசினார். வழியில் சுடப்பட்டுப் படுகாயம் அடைந்தார். கூட இருந்தவர்கள் தாங்கிப் பிடித்துக்கொள்ள, அலோர் ஸ்டாரில் விமானத்தை இறக்கினார். மற்ற இருவருக்கும் காயம் இல்லை. அவர் அங்கே மருத்துவமனையில் இறந்தார். அவருடைய மனைவி அதே மருத்துவமனையில் தாதி. பின்வாங்கும் அவசரத்தில் ஏடுகள் தொலைந்துபோனதால் நடந்தது வெளியே தெரியவே போர் முடிய வேண்டியிருந்தது. விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது 1946 ஜூனில்தான். அணித் தலைவர் நிலையில் இருந்தவருக்கே இந்த நிலை. எங்கள் மூலையில் புதைந்த இரண்டு பேருக்குப் பெயர் ஏன் ஒட்டவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேடவேண்டாம்.

ஸ்கார்ஃப் இறந்தது அலோர் ஸ்டாரில். இப்போது கல்லறை இருப்பது பேராக் மாநிலத்துத் தைப்பிங்கில். இதைப் படித்தபோதே எனக்கு எங்கள் மூலையைப் பற்றிச் சந்தேகம் வந்தது.

எடுத்துச் சென்றவர்கள்

போர் முடிந்தபின் ராணுவக் கல்லறைப் பிரிவு மலாயா முழுக்கச் சுற்றியது. போர்க்களங்களிலும் தற்காலிகக் குழிகளிலும் இருந்தவர்களை மட்டும் அது எடுக்கவில்லை. கிராமத்து இடுகாடுகளிலும் சிற்றூர்க் கல்லறைகளிலும் இருந்தவர்களையும் எடுத்தது. நிரந்தரமாகப் பராமரிக்க முடியாத இடம் என்று கண்டால் உடல்களை எடுத்து ஓரிடத்தில் சேர்க்கவேண்டும் என்பது ஏற்பாடு. வடக்கில் அதற்காகவே உருவானது தைப்பிங் போர்க்கல்லறை. ஏரித் தோட்டத்தைத் தாண்டி, பழைய மேக்ஸ்வெல் ஹில்லுக்கு, அதாவது புக்கிட் லாருட்டுக்கு, போகும் சாலையின் இரு பக்கமும் இருக்கிறது. ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், மறு பக்கம் இந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர்கள், கூர்க்காக்கள். 850க்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் 500க்கும் மேல் பெயர் தெரியாதவர்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்: பத்துக் கல்லில் கிட்டத்தட்ட ஆறு கல்லில் பெயர் இல்லை.

இந்தக் கல்லறைகளைப் பார்த்துக்கொள்வது 1917இல் அமைக்கப்பட்ட ஆணையம். 1960 முதல் அதற்குக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் என்று பெயர். படைத்தலைவரோ சிப்பாயோ, வெள்ளையரோ இந்தியரோ, எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கல் என்பதும் உடல்களைச் சொந்த நாட்டுக்கு எடுத்துப் போவதில்லை என்பதும் அதன் கொள்கை. அதன் ஏடுகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடலாம். பெயர் தெரிந்தால் பெயரால், தெரியாவிட்டால் இடத்தால். மலேசியாவில் அதன் பொறுப்பில் தைப்பிங், லாபுவான், கோலாலம்பூர் செராஸ் சாலை போன்ற பெரிய இடங்களும், பினாங்கு வெஸ்டர்ன் ரோடு போலச் சில ஊர்க் கல்லறைகளில் ஒரு மூலையும் உண்டு. எங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இல்லை. இன்றைக்கும் அவர்கள் அங்கே இருந்திருந்தால், ஆணையம் அந்தச் செங்கல் வரம்பை இப்படிப் பாசி பிடிக்க விட்டிருக்காது.

பட்டியலில் இல்லை என்பது பாதி விடைதான். மீதிப் பாதி, உடல்களைச் சேர்த்தபோது நிரப்பிய படிவங்களில் கிடைத்தது. அந்தப் படிவத்தில் பழைய இடம், அடையாளம் காண உதவிய பொருள், புதிய இடத்தின் பகுதி, வரிசை, கல் எண் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். தைப்பிங்குக்கான தாள்களில் எங்கள் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர், எழுத்துப் பிழையோடு, ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு முறை இருந்தது. பெயருக்கான கட்டத்தில் இரண்டிலும் ஒரே வார்த்தை: தெரியாதவர். படை: பிரிட்டிஷ் விமானப்படை. அடையாளம்: சீருடைத் துணி.

மோதிரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. நடுவில் நான்கு ஆண்டுகள் இருந்தன. 1943 அக்டோபருக்குப் பிறகு கெடா சயாமின், அதாவது தாய்லாந்தின், ஆட்சிக்குப் போயிற்று, 1945இல் திரும்பிற்று. பட்டினிக் காலம். மோதிரம் எங்கே போயிருக்கும் என்று யோசித்து யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அப்புறம் இடத்தையே போய்ப் பார்த்தோம். எதையும் தோண்டவில்லை, தோண்டவும் கூடாது. புதைத்த உடலைத் தொட அனுமதி வேண்டும் என்பது சட்டம். ஆனால் பார்த்தாலே தெரிந்தது: மற்ற குழிகள் மேலே மேடாக இருந்து மெல்லத் தட்டையானவை. இந்த இரண்டும் வரம்புக்கு உள்ளே முழங்கால் ஆழம் பள்ளமாக இருக்கின்றன. எடுத்த குழியை அரைகுறையாக மூடினால் மண் அப்படித்தான் உட்காரும். பாட்டியிடம் திரும்பக் கேட்டபோது, "பட்டாளக்காரங்க ஒரு தடவை வந்து திரை கட்டி என்னமோ செஞ்சாங்க, பிள்ளைங்கள கிட்ட விடல" என்றார். இத்தனை நாளும் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

ஆகவே மூன்று கேள்விக்கும் விடை: புதைக்கப்பட்டது உண்மை. 1941 டிசம்பர் இரண்டாவது வாரம். இன்றைக்கு அங்கே இல்லை. இரண்டு பேரும் தைப்பிங்கில், "1939–1945 போரின் ஒரு விமானப்படை வீரர்" என்று மட்டும் செதுக்கிய கல்லின் கீழ் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர், சிங்கப்பூரில் கிராஞ்சி போர்க்கல்லறையில் எழுந்து நிற்கும் நினைவுச் சின்னத்தில் இருக்கும். கல்லறை தெரியாத தரைப்படை, விமானப்படை வீரர்கள் 24,000 பேருக்கு மேல் அங்கே பெயராக நிற்கிறார்கள். பெயர் ஒரு நாட்டில், உடல் இன்னொரு நாட்டில்.

அந்தத் தேடல் இன்றும் நிற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1945 ஆகஸ்டு 23ஆம் தேதி, ஜப்பான் சரணடைவதாக அறிவித்த பிறகு, கொக்கோஸ் தீவிலிருந்து சாமான் இறக்கக் கிளம்பிய 356ஆவது அணியின் லிபரேட்டர் ஒன்று நெகிரி செம்பிலானில் கோலாப் பிலா பக்கத்துக் காட்டில் விழுந்தது. எட்டுப் பேர். எச்சங்களை மீட்டு, 2012 அக்டோபரில் கோலாலம்பூரில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அறுபத்தேழு வருடம் கழித்து. உறவினர்கள் விமானம் ஏறி வந்தார்கள். இறந்த ஒருவனை விட்டுவிடாமல் தேடுவது எப்படி என்பதை அதில் பார்க்கலாம்.

கூட்டத்தில் நடந்தது

கண்டதை எழுதிக் கோயில் மண்டபத்தில் படித்தேன். படித்து முடித்ததும் சத்தம் இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு இளைஞர் எழுந்தார். மனுவுக்காக அலைந்தவர்களில் அவர் முக்கியமானவர்.

"வாத்தியாரே, கோவிச்சுக்காதீங்க. இதை இப்பச் சொல்லித்தான் ஆகணுமா? நம்ம மனுவுல அது ஒண்ணுதான் அவங்களைப் பயமுறுத்துற வரி. நாம வாய் திறக்கலைன்னா யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் கேட்டது நியாயமான பயம். பல தோட்டங்கள் கைமாறியதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். கோயில் ஒரு பக்கம், பள்ளி ஒரு பக்கம், இடுகாடு போன இடம் தெரியாமல் போன ஊர்களில் அவருக்கு உறவினர்கள் இருக்கிறார்கள். கையில் இருக்கும் ஒரே ஆயுதத்தைக் கீழே போடச் சொன்னால் யாருக்கும் கோபம் வரும்.

நான் சொன்ன முதல் காரணம் நடைமுறைக்கானது. நான் தேடிய ஏடு எல்லாருக்கும் திறந்தது. நில அலுவலகத்தில் ஓர் அதிகாரி கைப்பேசியில் தேடினால் போதும். முதல் வரி பொய் என்று தெரிந்தால் பிறகு வரும் வரிகளை யாரும் படிக்கமாட்டார்கள்.

இரண்டாவது காரணத்தைச் சொல்லச் சிரமப்பட்டேன், ஆனால் அதுதான் எனக்கு முக்கியம். இரண்டு வெள்ளைக்காரர்கள் இருப்பதால் இந்த இடத்தைத் தொடாதே என்று நாமே எழுதினால், அவர்கள் இல்லை என்றால் தொடலாம் என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிறது. அந்தச் சரிவில் கிடக்கிற நம் ஆட்கள் யார்? அந்த இருவருக்கும் குழி வெட்டியவர் அங்கேதான் கிடக்கிறார். லாரியில் ஏற்றிக்கொண்டு போன டிரசர் அங்கேதான் இருக்கிறார். மருந்தில்லாத காலத்தில் போன குழந்தைகள் ஓடைக்கரையோரம் வரிசையாக இருக்கிறார்கள். மனுவில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஒரு அம்மா குறுக்கிட்டார். கத்தோலிக்கர், முன்பக்கத்தில் அவருடைய மாமியார் இருக்கிறார். "ஐயா சொல்றது சரி. நம்ம சனத்துக்கு எத்தனை பேர் பேரு நமக்கே தெரியும்? முதல்ல அதை எழுதுவோம்." அதற்குப் பிறகு பேச்சு வேறு பக்கம் போயிற்று. அந்த இளைஞரும் உட்கார்ந்து, முதலில் யார் வீட்டுக்குப் போவது என்று கணக்குப் போட ஆரம்பித்தார்.

நம் பக்கத்துக் கணக்கு

மனுவைப் புதிதாக எழுதுவதற்கு முன் ஒரு பதிவேடு தேவைப்பட்டது. விமானிகளுக்காக நான் கற்ற முறை இங்கேயும் உதவியது: இடம், அடையாளம், சாட்சி, ஏடு. ஆனால் ஏடு இருக்கும் இடங்கள் வேறு. கிறிஸ்தவர்களுக்குத் தேவாலயத்தின் அடக்கப் பதிவேடு ஓரளவு கிடைத்தது. இந்துக்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. தோட்ட ஆபீசில் கிராணிமார் (எழுத்தர்கள்) எழுதிய இறப்புப் புத்தகம் நிர்வாகம் மாறியபோது போன இடம் தெரியவில்லை. தமிழ்ப்பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவில் தகப்பனார் பெயரின் பக்கத்தில் "காலஞ்சென்ற" என்று இருந்தால் குறித்துக்கொண்டோம். திருவிழா உபயப் பட்டியலில் "நினைவாக" என்று வந்த பெயர்கள் உதவின. எல்லாவற்றையும்விடப் பெண்கள் உதவினார்கள். யாருடைய குழந்தை எந்த மரத்துக்கு எத்தனை எட்டில் இருக்கிறது என்பது ஆண்களுக்குத் தெரியவில்லை, அவர்களுக்குத் தெரிந்தது.

ஆளே இல்லாத பெயர்களும் வந்தன. சயாமுக்குப் போனவர்கள்.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சயாம்–பர்மா ரயில்பாதை 415 கிலோமீட்டர். 1942இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் தண்டவாளம் இணைந்தது. அதில் வேலை செய்த போர்க்கைதிகள் 60,000க்கும் மேல், இறந்தவர்கள் 12,000க்கும் மேல். மலாயாவிலிருந்து மட்டும் 75,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். பர்மா, சயாம், ஜாவாவிலிருந்து வந்தவர்களையும் சேர்த்து, இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 90,000 வரை இருக்கும் என்பது மதிப்பீடு. காலராவும் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் பட்டினியும் கொன்றன. காஞ்சனபுரிப் போர்க்கல்லறையில் போர்க்கைதிகள் கிட்டத்தட்ட 7,000 பேருக்குத் தனித்தனிக் கல், புல்வெளி, பூச்செடி. நம்மவர்களைக் கூட்டாகக் குழியில் போட்டார்கள், எரித்தார்கள், சிலரை அப்படியே விட்டார்கள். கைதிகளுக்குப் படை எண் இருந்தது, பட்டியல் இருந்தது, தேடிப் போக ஒரு ராணுவம் இருந்தது. தோட்டத்து ஆளுக்கு அது எதுவும் இல்லை. அவனுக்கு இருந்தது லயத்தில் காத்திருந்த ஒரு குடும்பம் மட்டும்.

போர்க்கல்லறைகளை இப்படிப் பராமரிப்பதில் எனக்குக் குறை கிடையாது. அந்த இரண்டு விமானிகளுக்கும் இருபது, இருபத்தைந்து வயது இருக்கும். அவர்களுக்குக் கிடைத்த மரியாதை சரியான மரியாதை. அந்த அளவுகோலை நம் ஆட்களுக்கும் வைக்கவேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். அதை நமக்காக வேறு யாரும் செய்யப்போவதில்லை என்பது இத்தனை வருடத்தில் தெரிந்துவிட்டது.

ஊரிலிருந்து போய்த் திரும்பாதவர்களின் பெயர்களையும் பதிவேட்டில் ஒரு தனிப் பகுதியாகச் சேர்த்தோம். இடுகாட்டுப் பதிவேட்டில் அங்கே இல்லாதவர்கள் எதற்கு என்று ஒருவர் கேட்டார். கிராஞ்சியில் 24,000 பேரின் பெயர் எதற்கு இருக்கிறதோ அதற்குத்தான் என்றேன்.

இப்போதைய நிலை

புதிய மனு மாவட்ட நில அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. அதில் முதல் பத்தி, தலைமுறைகளாக இந்தத் தோட்டத்தில் வாழ்ந்தவர்களின் இடுகாடு இது என்று தொடங்குகிறது. பதிவேடு இணைப்பாக இருக்கிறது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின் 62ஆவது பிரிவின்படி பொதுப் பயன்பாட்டு நிலமாக ஒதுக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அதைத்தான் கேட்டிருக்கிறோம். விமானிகளைப் பற்றியும் எழுதியிருக்கிறோம், பின்னால் ஒரு பத்தியில், உள்ளது உள்ளபடி: இங்கே 1941இல் புதைக்கப்பட்டார்கள், போருக்குப் பின் தைப்பிங்குக்கு மாற்றப்பட்டார்கள், புதைத்தவர்கள் இத்தோட்டத் தொழிலாளர்கள். அந்த மூலையைக் காலியாக விட்டிருக்கிறோம், புதிதாக யாரையும் அங்கே புதைப்பதில்லை என்று இரண்டு பக்கத்தாரும் ஒத்துக்கொண்டார்கள்.

நில அளவையாளர் வந்து எல்லைக்கல் போட்டார். மேம்பாட்டு நிறுவனத்தின் திருத்திய வரைபடத்தில் சரிவின் மேல்பகுதிக்குத் "தானா பெர்குபூரான்" (மலாயில் இடுகாட்டு நிலம்) என்று எழுதியிருக்கிறது, ஓடைக்கரைப் பகுதிக்கு எழுதவில்லை. குழந்தைகள் இருப்பது அங்கேதான். அதற்குத் தனியாக ஆட்சேபம் கொடுத்திருக்கிறோம். பதில் வரவேண்டும். ஒதுக்கீடு அரசிதழில் வரும்வரை வரைபடம் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்பதால் யாரும் சும்மா உட்காரவில்லை.

ஊரை விட்டுப் போன குடும்பங்கள் கிள்ளானிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றன. அவர்களிடமிருந்து பழைய படங்கள் வருகின்றன. கருமாதிப் படத்தின் பின்புறத்தில் எழுதிய தேதி பல இடங்களில் கைகொடுத்தது. மூன்றாவது விமானி என்ன ஆனார் என்று பாட்டி இன்னும் கேட்கிறார். டிரசரின் மகன் அப்பாவின் பெட்டியில் அந்த மாதத்துக் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓடைக்கரை வரிசையை மழைக்காலத்துக்குள் அளந்து முடிக்கவேண்டும். அந்த வேலையை இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்கிறார்கள், கயிறும் அளவுநாடாவும் பள்ளியிலிருந்து வருகின்றன.